நாலடிச் சந்தில் ஐந்து பேர்

என் கடை மயிலாப்பூரில், குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பின்பக்கம் பிளைவுட் தடுப்புக்குள் ஒரு ஸ்டூல், ஒரு நீலத்துணி, பழையதாக வாங்கிய ஒரு கேமரா. ஸ்டூலிலிருந்து ஆறடி தள்ளித் தரையில் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். டேப்பில் என் கால் பெருவிரல் படும்படி நின்று அமுக்கினால் தலையும் தோளும் கச்சிதமாக அடங்கும். கேமராவை எனக்கு விற்றவரே வந்து ஒட்டிவிட்டுப் போன டேப் அது. லென்ஸில் ஐம்பது என்று எழுதியிருக்கும். எதன் ஐம்பது, எதற்கு ஐம்பது என்று பன்னிரண்டு வருஷம் நான் கேட்டதில்லை. டேப் இருக்கும்போது கேள்வி எதற்கு?

எனக்குப் பிடித்தது அந்த ஸ்டூலில் உட்காருகிறவர்கள் பேசுவது. உட்கார்ந்த உடனே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். “சார், கொஞ்சம் நல்லவனா எடுங்க, போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கு” என்றார் ஒருவர். ஒரு மாமி பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நான் இல்லையே! வேற யாராத்து மாமியோ மாத்திக் கொடுத்துட்டேளா?” என்றார். ஓர் ஆட்டோக்காரர் தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். “மூஞ்சி அப்டியே வந்துகீது தலைவா. அதான் பிரச்சனையே.” இதையெல்லாம் பழைய பில் புத்தகங்களின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். போட்டோவைவிட அவை நன்றாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பெண் வந்தாள். எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் சமையல் வேலை. குடியிருப்பு அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியில். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் என்னிடம்தான். அன்றைக்கு ஒரு விண்ணப்பத்தை மேஜைமேல் போட்டாள். மேலே சிவப்பு மையில் குறுக்குக் கோடு.

“ரெண்டாவது வாட்டி திருப்பிட்டாங்கண்ணே.”

விஷயம் இதுதான். ஆற்றங்கரையில் இருக்கிற எல்லாரையும் காலி செய்து ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்குமாடிக்கு அனுப்பப் போகிறார்கள். பட்டியலில் பேர் இருக்கிற குடும்பத்துக்கு அங்கே வீடு. பட்டியலில் பேர் ஏற வேண்டுமானால் ஒரு போட்டோ வேண்டும்: குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பேரும் தங்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், நிலைக்கு மேலே பெயிண்டில் எழுதியிருக்கும் எண்ணும் தெரிய வேண்டும்.

முதல் தடவை கொடுத்த படத்தில் எண் இல்லை. இரண்டாவது தடவை மூத்த மகள் யாரிடமோ போன் வாங்கி, பாயின்ட் ஃபைவ் என்கிற அகலப் பார்வையில் எடுத்தாள். எல்லாரும் வந்துவிட்டார்கள், எண்ணும் வந்துவிட்டது. ஓரத்தில் நின்ற மாமியார்தான் பக்கவாட்டில் இழுபட்டுப் போனார்.

“கிளார்க்கு ஆதாரைப் பாக்குறாரு, போட்டோவைப் பாக்குறாரு. அட்டையில கீறவங்க ஒல்லியா கீறாங்க, இங்க நிக்கிறவங்க சப்பாத்தி மாதிரி கீறாங்க, வேற ஆளுன்னுட்டாரு. அதக் கேட்டதுலேருந்து எங்க அத்த சரியா சோறு துன்றதில்ல. என்னைப் போயி சப்பாத்தின்னுட்டானேன்னு.”

“கடைசி நாள் எப்போ?”

“திங்கக்கெழமை. அதோட லிஸ்ட்டை மூடிடுவாங்களாம். பேரு இல்லன்னா வூடு இல்லண்ணே. அவ்ளோதான்.”

“கவலைப்படாதே. நம்மகிட்ட பெரிய கேமரா இருக்கு” என்றேன். பெரிய கேமரா வைத்திருக்கிறவன் அப்படித்தான் சொல்வான். ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், வருகிறேன் என்று முடிவாயிற்று. போகும்போதுதான் கேட்டேன்: “சந்து எவ்வளவு அகலம்?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ரெண்டு பேரு எதிரெதிர வந்தா ஒருத்தர் வவுத்த எக்கணும்.”

நாலடி என்று வைத்துக்கொண்டேன். அவள் போனதும் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவரை ஸ்டூலில் உட்காரவைத்து, சிவப்பு டேப்பை விட்டு இரண்டடி முன்னால் நின்று கேமராவில் பார்த்தேன். நெற்றியும் மூக்கும் வாயும் தெரிந்தன. ஒரு ஆளுக்கே இந்தக் கதி என்றால் ஐந்து பேருக்கு என்ன செய்வது?

மறுநாள் சனிக்கிழமை, காட்சித் தொடர்பியல் படிக்கிற ஒரு கல்லூரிப் பெண் ஸ்பைரல் பைண்டிங்குக்காக வந்தாள். கழுத்தில் கேமரா. என்னுடையதைவிடக் கனமாகத் தெரிந்தது. பைண்டிங் போட்டுக்கொண்டே நான் சந்து கதையைச் சொன்னேன். அவள் என் லென்ஸைத் திருப்பிப் பார்த்தாள்.

“அங்கிள், உங்க ஐம்பது ஐம்பது இல்ல. எழுபத்தஞ்சு.”

எனக்குச் சுருக்கென்றது. “கேமராவை வித்தவர் ஏமாத்திட்டாரா?”

“ஐயோ, இல்ல அங்கிள். லென்ஸ் ஐம்பதுதான். ஆனா உங்க கேமரா கிராப். படம் விழுற இடம், சென்சார், உங்களுக்குச் சின்னது. அதனால ஒன்றரை மடங்கு போட்டுக்கணும். எனக்கு அது ஐம்பதாத் தெரியும், உங்களுக்கு எழுபத்தஞ்சாத் தெரியும்.”

“ஒரே லென்ஸ், ஆளுக்கொரு நம்பரா?”

“உக்காருங்க, காட்டறேன்.”

பன்னிரண்டு வருஷத்தில் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தது அன்றுதான். இரண்டு கேமராவும் ஒரே கம்பெனி என்பதால் என் லென்ஸ் அவள் கேமராவிலும் பொருந்தியது. டேப்பில் நின்று முதலில் என் கேமராவில் ஒன்று எடுத்தாள். அப்புறம் லென்ஸைக் கழற்றித் தன்னுடையதில் மாட்டி, கால் நகராமல் இன்னொன்று. இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். என்னுடையதில் தலையும் தோளும். அவளுடையதில் தோளைத் தாண்டி நீலத்துணியின் ஓரம், அதற்கு அப்பால் ஃபேன் ரெகுலேட்டர், நான் மறைத்து வைத்திருந்த துடைப்பம் வரை வந்திருந்தது.

“இப்ப பாருங்க” என்று தன் படத்தின் நாலு ஓரத்தையும் வெட்டினாள். நடுவில் மிஞ்சியதை என் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒன்று. என் இடது காதிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒற்றை முடி இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே வளைவில் இருந்தது.

“லென்ஸ் வட்டமா ஒரு தோசை ஊத்துதுன்னு வெச்சுக்குங்க. எங்கிட்ட பெரிய தட்டு. உங்ககிட்ட சின்னத் தட்டு. தோசை அதேதான், ஓரம் வெளிய போயிடுது.”

“அப்போ என் கேமரா எதையும் பெரிசு பண்ணலை. வெட்டுது.”

“ஆமா.”

“வெட்டறதை ஏன் ஒன்றரை மடங்குன்னு பெருமையா சொல்லணும்?”

“விக்கணும்ல அங்கிள்?” என்று சிரித்தாள்.

தோசை புரிந்தது. ஐம்பது புரியவில்லை. ஐம்பது மில்லிமீட்டர் என்கிறார்களே, எதை அளந்தால் அது ஐம்பது? லென்ஸுக்கும், படம் விழுகிற இடத்துக்கும் நடுவில் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தொலைவில் இருப்பது தெளிவாக விழுகிற தூரம் என்றாள். அந்தத் தூரம் கூடக்கூடப் பார்வை குறுகுமாம். “ஏன் குறுகணும்? தூரம் கூடினா அதிகமாத்தானே தெரியணும்?” என்று கேட்டேன். அவளுக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று, “கேமராவோட ஒரு சின்ன ஜூம் லென்ஸ் வந்திருக்கும் பாருங்க, அதுல பதினெட்டு வெச்சு எடுங்க. ஆனா நாலடிக்கு அதுவும் பத்துமான்னு தெரியல. எப்படியாவது பின்னாடி போகப் பாருங்க” என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஜூம் லென்ஸ், ஸ்டாம்ப் பேடுகளுக்கு அடியில் அட்டைப் பெட்டியிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அந்தச் சந்தில் நின்றேன். ஐந்து பேரும் தயார். அவள், பெயிண்டர் வேலை செய்கிற அவள் கணவர், இரண்டு மகள்கள், பட்டுப்புடவையில் மாமியார். நிலைக்கு மேலே வெள்ளைப் பெயிண்டில் எண். எதிரே நாலடி தள்ளி நீலக்கதவு போட்ட இன்னொரு வீடு. கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு, பழக்கதோஷத்தில் ஐம்பதையே மாட்டிப் பார்த்தேன். கணவரின் மீசை தெரிந்தது.

பதினெட்டை மாட்டினேன். உலகம் கொஞ்சம் திறந்தது. ஆனாலும் போதவில்லை. கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் எண் வருகிறது, மகள்கள் போகிறார்கள். படுக்கவைத்துப் பிடித்தால் மகள்கள் வருகிறார்கள், எண் போகிறது. அதற்குள் சந்தில் கூட்டம் சேர்ந்து, ஆளுக்கொரு யோசனை.

“மேல ஏறி எடு சார், ட்ரோன் மாதிரி.”

“பெயிண்டரை மட்டும் தனியா எடுத்து அப்பால ஒட்டிடு.”

“ஏன், என்னை மட்டும் ஒட்டணுமா?” என்றார் கணவர்.

மாமியாருக்கு ஒரே கவலைதான். “நைனா, நீ எப்டி வேணா எடு. என்னைச் சப்பையாக்காத.”

பின்னால் போகச் சொன்னாளே அந்தக் கல்லூரிப் பெண். பின்னால் இருப்பது கதவு. “இந்த வீட்டைத் திறக்கச் சொன்னா உள்ளே நின்னு எடுத்துடலாம்” என்றேன்.

சமையல்காரப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் ஒரு வருஷமாகப் பேச்சு கிடையாது. எதிர்வீட்டம்மா தன் ஜன்னல் கம்பியிலிருந்து இவர்கள் வீட்டுக் குழாய்க்குத் துணிக்கொடி கட்டியிருந்தாராம். ஈரப் பாவாடை சொட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற சின்னவளின் தலை நனைந்தது. இவள் கொடியை அறுத்தாள். அவ்வளவுதான் கதை.

நான் வெளியாள்தானே என்று நானே தட்டினேன். கதவு ஒரு சாண் திறந்தது. அறுபதை ஒட்டிய ஓர் அம்மா, கையில் கரண்டி.

“இன்னா?”

சொன்னேன்.

“என் வூட்டுக்குள்ள நின்னு அவங்க வூட்டைப் புடிக்கணுமா? நல்லா கீதே நாயம்! கேக்க வேண்டியவ வாயில இன்னா கொழுக்கட்டையா?” கதவு சாத்திக்கொண்டது.

“நான் கேக்க மாட்டேன்” என்றாள் இவள்.

கணவர் வானத்தைப் பார்த்தார். மாமியார் மட்டும், “நாளைக்கு லிஸ்ட்டை மூடிடுவாங்க. உன் ரோசத்தை வச்சிக்கினு எங்க போயி குந்துறது? எனக்கு சொல்லு, பாய எடுத்துக்கினு வரேன்” என்றார். இரண்டு மகள்களும் அம்மாவையே பார்த்தார்கள். அவள் இருந்த இடத்திலிருந்தே, கதவைப் பார்க்காமல், என் கேமராவைப் பார்த்துக் கத்தினாள்.

“யக்கா! கதவத் தொற!”

உள்ளிருந்து குரல் வந்தது. “யாரு அது?”

“யாருன்னு தெரியாதா உனுக்கு?”

“ஒரு வருசமா நான் அக்காவா இல்லியே. இப்ப ஆயிட்டேனா?”

“தொறக்கிறியா இல்லியா?”

கதவு முழுசாகத் திறந்தது. “இப்டி மொதல்லியே கேக்கறதுக்கு இன்னா கேடு?” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுப்பைப் பார்க்கப் போனார்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாலடி ஓர் அறையளவு நீண்டுவிட்டது! இட்லி ஆவிக்கு நடுவே நேராகப் பின்சுவர் வரைக்கும் போய், முதுகை ஒட்டிக்கொண்டு, கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

மூன்று பேர்தான் தெரிந்தார்கள்.

நம்ப முடியவில்லை. கேமராவை இறக்கி வெறுங்கண்ணால் பார்த்தேன். மூன்று பேர்தான். இரண்டு பக்கமும் இந்த வீட்டு நிலைக்கட்டை வெட்டிக்கொண்டு நின்றது. ஓர் அடி முன்னால் வந்தேன். மூத்தவளின் முழங்கை எட்டிப் பார்த்தது. இன்னும் ஓர் அடி, முழங்கைக்கு ஒரு தோள் முளைத்தது. வாசலுக்கு இரண்டரை அடி இருக்கும்போது ஐந்து பேரும் வந்தாயிற்று, எண்ணும் வந்தாயிற்று, இரண்டு பக்கமும் கொஞ்சம் சுவர்கூட மிச்சம். மறுபடி பின்சுவருக்குப் போனேன். மறுபடி மூன்று பேர். மறுபடி முன்னால்.

“இன்னாய்யா, என் வூட்டுல காவடி ஆடிக்கினு கீறே?” என்றார் அந்த அம்மா.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு ஐம்பது புரிந்துகொண்டிருந்தது. இந்த வாசல்தான் படம் விழுகிற இடம், சென்சார். என் கண்ணுக்கும் இந்த வாசலுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் லென்ஸில் எழுதியிருக்கிற எண். வாசலை விட்டுத் தள்ளிப் போகப்போக அதே வாசல் வழியாகத் தெரிகிற உலகம் குறுகிக்கொண்டே போகிறது. பதினெட்டு என்றால் வாசலுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது. ஐம்பது என்றால் அடுப்படியில் நின்று பார்ப்பது. நேற்று அந்தப் பெண்ணிடம் கேட்ட ‘ஏன் குறுகணும்’ என்பதற்குப் பதில், இட்லி வெந்துகொண்டிருந்த ஒரு வீட்டில் நின்றிருந்தது.

அப்படியானால் கிராப்? “அம்மா, அந்தக் கதவைக் கொஞ்சம் ஒருக்களிச்சு மூடுங்களேன்” என்றேன்.

“தொறன்னீங்க, தொறந்தேன். இப்ப மூடுன்றே. உனுக்கு இன்னாதான் வோணும்?” என்று கேட்டுக்கொண்டே வந்து பாதி மூடினார். நான் நின்ற இடம் மாறவில்லை, என் கண் மாறவில்லை, வாசல்தான் சின்னதாயிற்று. தெரிந்தவர்கள் மூன்று பேர்! பின்சுவரிலிருந்து பார்த்தபோது தெரிந்த அதே மூன்று பேர். வாசலைச் சின்னதாக்கினாலும் நான் பின்னால் போனாலும் கண்ணுக்கு அகப்படுவது ஒன்றுதான். என் ஐம்பது, எழுபத்தைந்தைப் போலப் பார்க்கிற கதை இதுதான். ஒன்றரை மடங்கு என்பது என் கதவு எவ்வளவு மூடியிருக்கிறது என்கிற கணக்கு.

இதை அந்த அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “இதுக்குப் போயா இம்மாந்தூரம் வந்தே?” என்று கதவை மறுபடி விரியத் திறந்துவிட்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நின்றிருந்தால் போனிலேயே எடுத்திருக்கலாம். கேமரா பெரிதா சிறிதா என்பதில் விஷயம் இல்லை. நிற்க ஓர் இடம் கிடைக்காததுதான் அவர்கள் கஷ்டம்.

வேலையைப் பார்த்தேன். அகலமான பார்வையில் ஓரத்தில் நிற்பதுதான் இழுபடும் என்பது மாமியார் புண்ணியத்தில் தெரிந்திருந்தது. அவரை நடுவில் நிறுத்தினேன். மகனும் மருமகளும் இரண்டு பக்கம், பேத்திகள் முன்வரிசை. இரண்டு ஓரத்துக்கும் சுவரை விட்டேன். சுவர் சப்பாத்தி ஆனால் எந்த கிளார்க் கேட்கப் போகிறார்? கேமராவை நிமிர்த்திப் பிடித்தேன். “சிரிக்கலாமா கூடாதா?” என்றாள் சின்னவள். “வூடு குடுக்கறவரைக்கும் சிரிக்காத” என்றார் பாட்டி. அதைக் கேட்டு நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். எடுத்தேன். சிரிக்காமலும் இரண்டு எடுத்தேன்.

கேமராவைப் பைக்குள் வைக்கும்போது எதிர்வீட்டம்மாவிடம், “உங்க போட்டோ ஆச்சாம்மா?” என்று கேட்டேன்.

“என்து மொத நாளே ஆச்சு. நான் ஒண்டி. நாலடி தாராளமா பத்திச்சி” என்றார். கரண்டியால் இட்லியைக் குத்திப் பார்த்தார். பிறகு, “ரெண்டு வச்சுத் தரவா?” என்றார். என்னைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் வாசலில் நின்ற சின்னவளைப் பார்த்துக் கேட்டிருந்தார்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமியார் ஆதாரில் இருக்கிற மாதிரியே இருந்தார். எண் பளிச்சென்று இருந்தது. ஒரே ஒரு குறை. இடது ஓரத்தில், எதிர்வீட்டுக் கதவின் ஓரம் ஒரு நீலப்பட்டையாக மேலிருந்து கீழ் வரை விழுந்திருந்தது. எடுக்கும்போது கவனிக்கவில்லை. வெட்டிவிடலாம் என்று கோட்டை நகர்த்தினேன். அங்கே நான் விட்டிருந்த சுவரைப் பட்டை விழுங்கியிருந்ததால், பட்டையோடு மூத்தவளின் முழங்கையும் போகும் போலிருந்தது. ஏற்கனவே இரண்டு தரம் திருப்பியவர்கள், முழங்கைக்காக மூன்றாவது தரமும் திருப்பினால்? பட்டையை விட்டுவிட்டேன். விட்டது தப்போ என்று திங்கட்கிழமை பூராவும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாலு பேருக்கு ஒரு பக்கத்தை இரண்டு தரம் எடுத்துக் கொடுத்தேன்.

நாலரை மணிக்கு அவள் வந்தாள். கையில் முத்திரை குத்திய சீட்டு. நான் எதுவும் கேட்பதற்கு முன்னால் அவளே ஆரம்பித்தாள்.

“பேனா முனையால ஒவ்வொரு தலையா தொட்டாருண்ணே. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அத்தகிட்ட வந்து நின்னுட்டாரு. ஆதாரைப் பாக்குறாரு, இதைப் பாக்குறாரு. எனக்கு உசுரே இல்ல. ‘ம், இவங்கதான்’னாரு. சரின்னு மூச்சு வுட்டா, அந்த நீலத்துல போயி வெரலை வைக்கிறாரு.”

“ஐயையோ.”

“‘இது இன்னா கதவு? உங்க வூட்டுக்கு ரெண்டு கதவா? யாருது?’ன்னாரு. ‘எங்க அக்கா வூடு சார், அங்கேருந்து எடுத்தது’ன்னேன். ‘கூடப் பொறந்தவங்களா?’ன்னாரு. இல்ல சார், எதிர்ல கீறவங்கன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தாரு. குத்திட்டாரு.”

சீட்டை இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டவள், போகாமல் நின்றாள்.

“அந்தப் போட்டோவுல ஒண்ணு போடுண்ணே. சிரிச்சது. அக்காகிட்ட அது கதவும் வந்துகீதுன்னு சொன்னேன், பாக்கணும்னிச்சி.”

திரையில் அந்தப் படத்தைத் திறந்தேன். கிளார்க்கிடம்தான் இனி போகப் போவதில்லையே, இப்போது அழகாக்கலாம் என்று அந்த இடது ஓரத்துக்குக் கோட்டைக் கொண்டுபோனேன்.

“இன்னா பண்றே?”

“ஓரத்தை வெட்டறேன். பார்க்க நல்லா இருக்கும்.”

“வாணாம்ணே,” என்றாள். “முழுசா போடு.”